வராத உடன்பிறப்புகள்

ஆய்விதழ்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். "தங்கள் கட்டுரையை அனுப்பியமைக்கு மிக்க நன்றி" என்று ஆரம்பிப்பார்கள். "மிக முக்கியமான பொருளைத் தொட்டிருக்கிறீர்கள்" என்பார்கள். அதற்கடுத்து ஓர் "ஆயினும்" வரும். தோலை உரிப்பதெல்லாம் அந்த "ஆயினும்"க்குப் பிறகுதான். பல வருடமாக ஒப்பந்த விரிவுரையாளராகவே காலம் தள்ளிக்கொண்டிருந்த சின்னவளுக்கு இது நன்றாகப் பழகிப்போயிருந்தது. பதில் வந்தால் முதலில் "ஆயினும்" எங்கே இருக்கிறது என்று தேடுவாள். அதற்குக் கீழே இருப்பதைப் படித்து முடித்த பிறகுதான், தெம்பு மிச்சமிருந்தால், மேலே இருக்கும் பாராட்டுக்கு வருவாள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். கட்டுரையில் வேறு பெயர் போட்டிருக்கும், அதுவும் இரண்டாவதாக. முதல் பெயர் துறைத்தலைவருடையது. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கமா. யார் எதை எழுதிக்கொண்டு போனாலும் நாலு கமாவை எடுப்பார், வேறு நாலு இடத்தில் வைப்பார், அந்த உழைப்புக்குக் கூலியாகத் தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார். நோகாமல் நுங்கு தின்கிறவர்களில் அவர் ஒன்றும் மோசமானவர் இல்லை. அவருக்கு முன்பு இருந்தவர் கமாகூட வைத்ததில்லை.

கட்டுரை, படுத்த படுக்கையாகிவிட்ட தாயையோ தகப்பனையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள்களைப் பற்றியது. இருபத்துச் சொச்சம் பெண்களைப் பேட்டி எடுத்து, பெயரை மறைத்து, எண் கொடுத்து எழுதியிருந்தாள். துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. தேர்வுக்குழு உட்காருவதற்குள் நல்ல ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்திருந்தால் அந்த இடம் அவளுக்கு. இல்லையென்றால் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஆபீஸ் வாசலில் நிற்கிற பிழைப்புதான், தலை நரைக்கிற வரைக்கும்.

இந்தத் தடவை "ஆயினும்" கொஞ்சம் தயவு வைத்திருந்தது. கட்டுரையைத் தள்ளவில்லை, பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேர். முதலாமவர், கட்டுரை நன்றாக இருக்கிறது, கீழே கண்ட கட்டுரைகளையும் மேற்கோள் காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பட்டியலில் இருந்த அத்தனையும் ஒரே ஆள் எழுதியவை. அந்த ஆள் யாராயிருக்கும் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவையில்லை.

இரண்டாமவர் உண்மையாகவே படித்திருந்தார். அதுதான் ஆபத்து. பதினோராவது பெண்ணின் பேட்டிதான் இந்தக் கட்டுரையின் உயிர், மற்றவர்கள் பொதுவாகப் பேசுகிறார்கள், இவர் ஒருவர்தான் உண்மையைப் பேசுகிறார், ஆகவே இவரை மையமாக வைத்து மறுபடி எழுதுங்கள் என்றிருந்தார். பங்கேற்பாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் முன்பே உறவு ஏதும் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றிருந்தார். கடைசியாக, பொறுப்பில் பங்கெடுக்காத உடன்பிறப்புகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அவர்களில் ஒருவரையாவது பார்த்து அவர்கள் தரப்பைக் கேட்டீர்களா என்றும் கேட்டிருந்தார்.

பதினோராவது பெண் சின்னவளின் சொந்த அக்கா.

இது திட்டமிட்டு நடந்ததல்ல. பேட்டிக்கு ஒத்துக்கொண்டிருந்த ஒருத்தி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். வேறு ஆள் தேட நேரமில்லை. அந்தச் சமயம் சின்னவள் இரண்டு நாள் லீவில் வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, அதற்குள் சில வருடம் ஆகியிருந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அத்தானுக்கு லாரி ஓட்டுகிற வேலை, மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் கழியும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றியது சின்னவளுக்கு. அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் போனை ரெக்கார்டில் போட்டு அக்கா முன்னால் வைத்தாள்.

எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே வார்த்தை. அதுதான் முறை. ஒருத்திக்கு மாற்றிக் கேட்டால் தரவு கெட்டுவிடும். அதனால் சின்னவள் தன் அக்காவிடம், அம்மா படுத்திருக்கிற அதே அறையில், தாளைப் பார்த்து நீங்க உங்க என்று கேட்க ஆரம்பித்தாள்.

"பேட்டியை எப்ப வேணும்னாலும் நீங்க நிறுத்திக்கலாம். அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு."

"எதை நிறுத்திக்கலாம்? பேட்டியையா, அம்மாவைப் பாக்குறதையா?" என்று அக்கா சிரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் சீரியஸா இரேன். உங்க வயசு?"

"உன்னைவிட ஆறு கூட. எழுதிக்கோ."

இப்படியே வயசு, படிப்பு, விட்ட வேலை என்று போனது. அக்காவுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. தலையணை உறையை மாற்றிக்கொண்டே பதில் சொன்னாள். அப்புறம் அடுத்த கேள்வி வந்தது.

"உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

அக்கா உறையை அப்படியே மடியில் வைத்தாள். சின்னவள் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் நிமிர்ந்து, "சும்மா கேட்டேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முறை கெட்டுவிடக் கூடாதே என்று காத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி என்று அவள் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள்.

"இருக்கா, ஒருத்தி," என்றாள் அக்கா. குரலில் விளையாட்டுப் போயிருந்தது. "தங்கச்சி. வெளியூர்ல பெரிய படிப்புப் படிச்சு, சொல்லிக் குடுக்குறா. வருவா, வராம இல்ல. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. பாக்குறவங்களுக்கே மனசு இளகிடும். அழுது முடிச்சிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடுவா. அழுறதுக்கு எனக்கு ஆள் வேண்டாங்க. அதை நானே பாத்துக்குவேன். அம்மாவைப் புரட்டிப் போடத்தான் இன்னொரு ஜோடி கை வேணும்."

'ங்க' என்று அக்கா சொன்னதைச் சின்னவள் கவனிக்கவில்லை. "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"காலையில எந்திரிச்சதும் அம்மாவுக்கு மூச்சு வருதான்னு பாப்பேன். சில நாள், ஒரு கண நேரம், வரலையோன்னு தோணும். அப்ப மனசுக்குள்ள ஒரு நிம்மதி வரும் பாருங்க. அப்புறம் மார்பு ஏறி இறங்குறது தெரியும். அன்னிக்குப் பூரா அம்மாவுக்கு ரெண்டு தடவை தலை வாரி விடுவேன். அந்த நிம்மதிக்குத் தண்டனை."

சொல்லிவிட்டு அக்கா தலையணைக்கு உறை மாட்டி முடித்தாள். சின்னவளுக்குக் கண் கலங்கியது உண்மை. அதே சமயம், இந்த ஒரு பேட்டி போதும் கட்டுரைக்கு என்று மனசு துள்ளியதும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்தான் நடந்தது, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல்.

ஊருக்குத் திரும்பியதும் பேட்டியை எழுத்தில் இறக்கினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலைப்புக் கொடுத்துத் தரம் பிரித்தாள். அக்கா தங்கச்சியைப் பற்றிச் சொன்னதற்கு "வராத உடன்பிறப்பு" என்று தலைப்பு வைத்தாள். அதே தலைப்பின் கீழ் வேறு நாலு பெண்கள் சொன்னதும் வந்து சேர்ந்ததில் அவளுக்கு ரொம்பத் திருப்தி. ஒரு போக்கு தெரிகிறது என்று எழுதினாள். அந்தப் போக்கில் நடந்துபோவது தானேதான் என்பது தெரியாமல் இருந்ததா என்றால், தெரிந்தே இருந்தது. ஆனால் எண் போட்டு, கணக்கு டீச்சரைக் கணக்காளராக்கி, அம்மாவை அப்பாவாக்கிய பிறகு, அது யாரோ ஒரு தங்கச்சியாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பவர்கள் ஆய்வுக் கட்டுரை படித்ததில்லை.

இப்போது இந்த இரண்டாமவர் வந்து சோற்றைக் கிளறுகிறார்.

உறவு உண்டா என்ற கேள்விக்குச் சின்னவள் முதலில் உண்மையைத்தான் எழுதினாள். "பதினோராவது பங்கேற்பாளர், ஆய்வாளர்களில் ஒருவரின் மூத்த சகோதரி. அவர் குறிப்பிடும் உடன்பிறப்பு அந்த ஆய்வாளரே." எழுதிவிட்டுப் பார்த்தால், மொத்தக் கட்டுரையிலும் நேராக நிற்கிற வாக்கியம் அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு கமாவின் அறைக்குப் போனாள்.

கமா படித்தார். கமா வைக்க ஏற்ற வாக்கியம்தான், ஆனால் பேனாவைத் தொடவில்லை.

"இதை நீங்க எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல," என்றார்.

"சார், அவங்க நேரடியா கேட்டிருக்காங்க."

"கேப்பாங்க. அவங்க வேலை கேக்குறது. இதைப் போட்டா அந்தப் பேட்டியை எடுக்கச் சொல்வாங்க. அதை எடுத்தா கட்டுரையில என்ன இருக்கு? வெறும் அட்டைதான் இருக்கும். குழு எப்ப உக்காருதுன்னு உங்களுக்கே தெரியும்."

"பொய்யா எழுதறது..."

"எதும்மா பொய்? அவங்க ஒரு மகள்தானே? அம்மாவைப் பாத்துக்கிறாங்கதானே? சொன்னது அவங்க சொன்னதுதானே? நாட்டுல நடக்காததையா எழுதிட்டீங்க?"

கமா அவளைக் கட்டாயப்படுத்தினார் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியம், அவர் தலையில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். அவர் கட்டாயப்படுத்தவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பேசினார், அவ்வளவுதான். தன் இருக்கைக்குத் திரும்பி வந்து, அந்த இரண்டு வாக்கியத்தையும் அழித்து, "பங்கேற்பாளர்கள் எவருடனும் ஆய்வாளர்களுக்கு முன் உறவு கிடையாது" என்று அடித்தவை சின்னவளின் சொந்த விரல்கள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். சின்னவள் கட்டுரையின் நடுவில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வேலையா இருக்கியாடி?"

"இல்லக்கா, சொல்லு."

"டாக்டர்கிட்ட போயிருந்தேன். அடிவயித்துல ஒரு வீக்கம் வந்து வந்து போகுது. குடல் இறக்கமாம். ஆபரேஷன் பண்ணிக்கணும்னு சொல்றாரு. பாரம் தூக்கவே கூடாதாம்."

"அப்ப தூக்காதேக்கா."

"ஆமா. தூக்கக் கூடாதுதான்." சின்னவள் ஒரு வரியை அடித்து முடித்தாள். "அம்மா இப்பக் கொஞ்சம் சதை போட்டிருக்காங்க."

"நல்லதுதானே. நல்லா சாப்பிடுறாங்கன்னு அர்த்தம்."

"நல்லதுதான். உங்களுக்கெல்லாம் லீவு எப்போ வருது?"

"இந்தத் திருத்தத்தை அனுப்பணும்க்கா. அப்புறம் குழு. அது முடிஞ்சா உடனே வந்துடுவேன். என் பொழப்பே இதுலதான் தொங்குது."

"சரி சரி, நீ உன் வேலையைப் பாரு. இங்க ஒண்ணும் தலை போகல. ஒருத்தி படுத்திருக்குற வீட்டுல இன்னொருத்தி படுக்க முடியாது, அவ்வளவுதான்."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வாக்கியம் காதில் விழுந்த கணமே அது எங்கே போய் உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல் சிந்தாமல் அடித்தாள். அதற்கு மேலே ஒரு புதுத் தலைப்புப் போட்டாள்: "கேட்காமல் கேட்டல்." பார்த்துக்கொள்ளும் பெண்கள் உதவியை நேரடியாகக் கேட்பதில்லை, செய்தியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள், குடும்பத்தார் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்று மளமளவென்று ஒரு பத்தி வந்தது. இதுவரை யாரும் இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியதில்லை என்று அவளுக்கே புல்லரித்தது.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. உடம்பைப் பாத்துக்கோ."

"ம்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கமா, "இதை எங்க பிடிச்சீங்க? தங்கம் இது," என்றார். ஒரு கமாகூட மாற்றவில்லை. இரண்டாமவரின் கடைசிக் கேள்விக்கு, வரம்புகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: "வராத உடன்பிறப்புகளைச் சந்திக்க ஆய்வாளர்களால் இயலவில்லை." அதில் மட்டும் கமா ஒரு கமா வைத்துக் கொடுத்தார்.

கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாமவர், புதிதாகச் சேர்த்த பத்தி நெஞ்சை உலுக்குகிறது என்று எழுதியிருந்தார். குழு உட்கார்ந்தது, எழுந்தது. சின்னவளுக்கு நிரந்தரம் ஆனது. கமா கைகுலுக்கினார். காலம் பூராவும் அவளை "அந்த கான்ட்ராக்ட் பொண்ணு" என்றே சொல்லிவந்த ஆபீஸ்காரர் முதல் தடவையாக "மேடம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, கட்டுரையை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று போனில்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஓர் அம்மாள். மாடியில் புதிதாகக் குடிவந்தவளாம். "உள்ள வாங்க, மெதுவா, இப்பத்தான் கண்ணசந்தாங்க," என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கப் போக வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அம்மாவின் அறையில் இப்போது இரண்டு கட்டில் கிடந்தது. ஒன்றில் அம்மா. இன்னொன்றில் அக்கா, முகம் வெளுத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? உக்காரு."

விஷயம் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. போன மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது அக்காவுக்கு வயிற்றில் ஏதோ பிடித்துக்கொண்டது. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறாள். அத்தான் ரோட்டில் இருந்தார். அம்மா போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் மாடிவீட்டு அம்மாள் இறங்கி வந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும், குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று சொல்லி, உடனே வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அத்தான் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இதற்கு மேல் லீவு கிடையாது என்று வண்டியேறிவிட்டார்.

சின்னவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"செத்துப் பொழைச்சிருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாக்கா உனக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சொன்னேனேடி. நீ அடிச்சுக்கிட்டு இருந்தே. டைப் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

வெளியே யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடம் நிரம்பி வழிகிற சத்தம் உள்ளே வரைக்கும் வந்தது. சின்னவள் அப்போதுதான் மொத்தத்தையும் சொன்னாள். பேட்டி, பதினோராவது எண், இரண்டாமவர் கேட்டது, தான் பொய் எழுதியது, அந்தப் போன் பேச்சையும் தூக்கிக் கட்டுரையில் போட்டது, அதை வைத்து வேலை நிரந்தரமானது. மடித்து வைத்திருந்த அச்சைப் பிரித்து, "கேட்காமல் கேட்டல்" பத்தியைப் படித்தும் காட்டினாள். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அந்த ஜர்னலுக்கு எழுதி எல்லா உண்மையையும் சொல்லிடுறேன்க்கா. இன்னிக்கே எழுதுறேன்," என்றாள்.

"எழுதினா என்ன ஆகும்?"

"கட்டுரையை எடுத்துடுவாங்க. வேலையும் போகலாம்."

"அம்மா எந்திரிச்சு நடப்பாங்களா?"

சின்னவள் கையிலிருந்த தாளை மறுபடி மடித்தாள்.

"எதுக்கெடுத்தாலும் எழுதுறேன் எழுதுறேன்னு. தப்பு பண்ணாலும் எழுதணும், அழுதாலும் எழுதணும் உனக்கு." அக்காவின் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "என்னைப் பத்தி நீ எழுதினதுல ஒரு வரி பொய்யில்ல. அதனாலதான் வயிறு எரியுது. அவ்வளவும் புரிஞ்சிருக்கு உனக்கு. புரிஞ்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருந்தே பாரு."

அம்மா முனகினாள். துணி நனைந்திருந்தது.

"ஈரமாயிடுச்சு. என்னால இப்பக் குனிய முடியாது. நீ அவங்களை அந்தப் பக்கம் புரட்டு, விரிப்பை உருவிடலாம்," என்றாள் அக்கா.

சின்னவள் பாய்ந்து எழுந்தாள். இதற்காகவே காத்திருந்ததைப் போல முந்தானையைச் செருகிக்கொண்டு, அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து இழுத்தாள். விழுந்துபோன இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் இன்னும் பலமாக இழுத்தாள். அம்மா அலறினாள். வார்த்தை இல்லாத அந்த அலறலைக் கேட்டதும் சின்னவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அம்மா பாதி புரண்டபடியே கிடந்து, நல்ல கையால் அவளைத் தள்ளினாள். கண்ணில் பயம் இருந்தது.

"விடு, விடு. மாடிவீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வா," என்றாள் அக்கா.

போய்க் கூட்டிவந்தாள். அந்த அம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லி, மாட்டிக்கொண்ட கையை முதலில் எடுத்துவிட்டாள். அக்கா படுத்தபடியே விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ம்" என்றாள் ஒருத்தி. "ம்" என்றாள் இன்னொருத்தி. அம்மா சத்தமில்லாமல் புரண்டாள்.

புது விரிப்பு எடுக்க அந்த அம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். சின்னவள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி," என்றாள் அக்கா. "அவங்க போகணும்."

தள்ளி நின்றாள்.